தண்ணீர் குடிக்கும் போராட்டம்

என் நாத்தனார் வெளியில் எங்கே போனாலும் தண்ணீர் குடிக்க மாட்டாள். எனக்குக் கல்யாணமான புதிதில் அவளை என் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனேன். கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டியில் அவ்வளவு தூரம் வெயிலில் வந்தவள். அம்மா செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "வேண்டாம்மா" என்று சிரித்தாள். அம்மா சர்பத் கலக்கிக் கொடுத்தாள். அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் நனைத்தாள். புறப்படும்போது அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்து, "உன் நாத்தனாருக்கு நம்ம வீட்டுத் தண்ணி தொண்டையில இறங்காதோ?" என்று கேட்டாள்.

அவளைத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு இந்த மனத்தாங்கல் உண்டு. கர்வம் பிடித்தவள் என்றார்கள். காரணத்தை அவளிடம் கேட்டவர்கள் குறைவு.

சின்ன வயதில் வந்த வாதத்தில் அவளுக்கு இரண்டு காலும் சூம்பிவிட்டன. வீட்டுக்குள் கையை ஊன்றி நகர்வாள். வெளியே தண்ணீர் குடித்தால் சற்று நேரத்தில் ஒதுங்க வேண்டிவரும். ஒதுங்குகிற இடமோ எங்கே பார்த்தாலும் படி ஏறித்தான் இருக்கும். ஏறினாலும் உள்ளே தரையெல்லாம் யார் யாரோ விட்டுப்போன ஈரம். அந்த ஈரத்தில் கையை ஊன்றித்தான் அவள் போக வேண்டும். அதே கையால்தான் பிறகு சாப்பிட வேண்டும். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், நாசூக்காகச் சொல்ல வராது. எழுதவே கூசுகிற ஒன்றை ஒருத்தி பட்டே தீரவேண்டும் என்று விட்டிருக்கிறார்களே, அவர்களுக்குக் கூசவில்லை.

அவளுக்குத் தொழில் மின்விசிறி மோட்டாருக்குக் கம்பிச்சுருள், அதாவது காயில், கட்டுவது. எங்கள் வீட்டு முன்னறையில் செம்புக் கம்பியும் பழைய மோட்டாருமாகப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கை கம்பியைச் சுற்றும், வாய் மாற்றுத்திறனாளிகள் சங்கத்து ஆட்களோடு பேசும். ஊன்றுகோலோடு தெருத்தெருவாகத் துடைப்பம் விற்கிற பெரியம்மா, கண் தெரியாத பொருளாளர், இன்னும் கொஞ்சம் பேர். பொருளாளருக்கு எல்லாரும் வைத்த பெயர் ரேடியோ. அவரை நிறுத்தப் பொத்தான் கிடையாது.

ஒரு நாள் விலாவைப் பிடித்துக்கொண்டு துடித்தாள். என் வீட்டுக்காரர் தங்கையைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார். பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, சிறுநீரகத்தில் கல் என்றார்கள்.

"தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"வீட்டுல இருந்தா குடிப்பேன். வெளிய வந்தா இல்ல."

"ஏம்மா, அவ்வளவு சோம்பேறித்தனமா? இப்படியே போனா கிட்னி ரெண்டும் போயிடும். அப்புறம் என்கிட்ட வந்து அழுது பிரயோசனமில்ல." ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தார். "சிறுநீர் டெஸ்ட். பாத்ரூம் அந்தக் கோடியில இருக்கு, பிடிச்சுட்டு வாங்க."

கோடியில் போய்ப் பார்த்தோம். மூன்று படி. கதவோ என் வீட்டு அலமாரிக் கதவு அகலம். அவள் ஆஸ்பத்திரியில் கொடுத்த சக்கர நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வந்து, "டாக்டர், ஏன் தண்ணி குடிக்கலைன்னு கேட்டீங்கல்ல? வாங்க, காட்டுறேன்" என்றாள். அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். அவள் சோம்பேறி என்று அவர் எழுதாமல் விட்டது ஆண்டவன் புண்ணியம்.

நகர மன்ற அலுவலகத்தில் மட்டும் அவளைப் போன்றவர்களுக்கென்றே ஒரு கழிப்பறை கட்டியிருக்கிறார்கள். சாய்தளம் உண்டு. கதவில் சக்கர நாற்காலிப் படம் உண்டு. திறந்து வைத்தவர் பெயர் பொறித்த கல்லும் உண்டு. திறந்தது அன்று ஒரு நாள்தான். அன்றிலிருந்து பூட்டு. உதவித்தொகைக் கையெழுத்துக்காக சங்கத்து ஆட்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு அந்தத் தாழ்வாரத்தில்தான் காத்திருப்பார்கள். எதிரில் பூட்டு தொங்கும்.

அவள் பியூனிடம் கேட்டாள்.

"அதை யாரும் உபயோகிக்கிறதே இல்லம்மா. அதான் பூட்டி வெச்சிருக்கோம்."

"பூட்டி வெச்சா எப்படிண்ணே உபயோகிக்கிறது?"

"உபயோகிச்சா நாங்க ஏம்மா பூட்டப் போறோம்?"

மனு கொடுத்தாள். மேலாளர் வாங்கிக்கொண்டார். மறுபடி கொடுத்தாள், மறுபடி வாங்கிக்கொண்டார். அந்த மனிதருக்கு வாங்குவதில் சலிப்பே கிடையாது.

தேர்தல் வந்தது. நகர மன்றத் தலைவருக்கு எங்கள் வீட்டு வழி தெரிந்தது. கட்சியில் அவளுக்கு ஒரு பொறுப்பு தருவதாகச் சொன்னார், மாற்றுத்திறனாளிகள் பிரிவுக்குச் செயலாளர். சங்கத்து ஓட்டெல்லாம் அவருக்கு விழ வேண்டும்.

"பதவி இருக்கட்டும் தலைவரே. அந்தப் பூட்டைத் திறந்து விடுங்க. அது போதும்."

"இது ஒரு விஷயமா தங்கச்சி? ஜெயிச்ச மறுநாள் திறந்துடலாம்."

அவள் நம்பினாள், கொடுத்த பொறுப்பையும் ஏற்றுக்கொண்டாள். கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினாள், வீடு வீடாக வண்டியில் போய் ஓட்டுக் கேட்டாள். மேடையில் ஏற்றும்போது நாலு பேர் அவளைக் கேட்காமலே வண்டியோடு தூக்குவார்கள், பூந்தொட்டியைத் தூக்கி வைப்பதுபோல. தலைவர் தன் கையாலேயே தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கொடுப்பார். அவள் வேண்டாம் என்பாள். "பார்த்தீங்களா, தங்கச்சி என் கையால தண்ணி கூட வாங்க மாட்டேங்குது" என்று மைக்கில் சொல்லுவார். ஜனங்கள் சிரிப்பார்கள். நான் கீழே உட்கார்ந்துகொண்டு பல்லைக் கடிப்பேன்.

ஜெயித்தார். மறுநாள் போயிற்று, மறுமாதமும் போயிற்று. போய்க் கேட்டால் "நிதி வரணும்" என்றார்கள். பூட்டைத் திறக்க என்ன நிதி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வலி இரண்டாம் முறை வந்து போன பிறகு சங்கம் எங்கள் முன்னறையில் கூடியது. ரேடியோதான் ஆரம்பித்தார்.

"உண்ணாவிரதம் உட்காருவோம். சாகும் வரைக்கும்."

"விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து வெளிய போனா விரதம்தான் இருக்கேன்" என்றாள் பெரியம்மா. "யாருடா திரும்பிப் பார்த்தான்?"

என் நாத்தனார் சுற்றிக்கொண்டிருந்த கம்பியைக் கீழே வைத்தாள். "பெரியம்மா சொல்றது சரி. நாம பட்டினி கிடந்தா அவங்களுக்குச் செலவில்ல. குடிப்போம். அவங்க ஆபீஸ்ல உட்கார்ந்து வயிறு முட்டத் தண்ணி குடிப்போம். அப்புறம் எங்க போகணும்னு கேட்போம்."

ரேடியோகூட நின்றுவிட்டது.

மன்றக் கூட்டம் நடக்கிற நாளில் போனோம். குடங்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனது நான். கிளம்பும்முன் விளக்கேற்றி, யாருக்கும் மானம் போகாமல் பார்த்துக்கொள் என்று வேண்டிக்கொண்டேன். தாழ்வாரத்தில் எல்லாரும் உட்கார்ந்ததும் காவல்காரர் ஒருவர் ஓடி வந்தார்.

"எத்தனை நாள் உண்ணாவிரதம்? அனுமதி வாங்கினீங்களா?"

"உண்ணாவிரதம் இல்ல சார். தண்ணி குடிக்கப் போறோம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவருக்கு நிம்மதி. என்னிடம் ஒரு டம்ளர் வாங்கி அவரும் குடித்தார்.

ஊற்ற ஊற்றக் குடித்தார்கள். என் நாத்தனார் வீட்டுக்கு வெளியே தண்ணீர் குடித்து அன்றுதான் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தாள். ரேடியோ, "இன்னொண்ணு ஊத்துங்க அண்ணி, பேசிப் பேசிக் காஞ்சு கிடக்கு" என்றார்.

பிறகு ஒருவர் பின் ஒருவராக மேலாளர் மேஜைக்குப் போய், "சார், பாத்ரூம் எங்க இருக்கு?" என்று கேட்டார்கள்.

"மாடியில."

"கீழ இருக்கிறதைத் திறங்க சார்."

"சாவி தலைவரோட டிரைவர்கிட்ட இருக்கு. தலைவர் வெளியூர் போயிருக்கார்."

"எனக்குக் கண்ணு தெரியாது சார்" என்றார் ரேடியோ. "ஆனா தலைவர் கார் ஹாரன் இப்பதான் வாசல்ல கேட்டுச்சு."

மேலாளர் ஒரு கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்துவிட்டார். நிமிரவே இல்லை. நேரம் போயிற்று. முகங்கள் இறுகின. சிலருக்கு நெற்றியில் வேர்த்தது. பெரியம்மா ஊன்றுகோலை மார்போடு அணைத்துக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். "முடியலடி" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அவள் புடவை நனைந்து, தரையில் ஈரம் ஓடியது.

நான் என் புடவைத் தலைப்பை அவள் மேல் போர்த்தினேன். அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து தலைவர் இறங்கி வந்தார். கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"தண்ணிய அளவாக் குடிச்சிருக்கலாமேம்மா" என்றார். பின்னால் வந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

நான் யாரையும் சபிக்கிறவள் இல்லை. அன்று சபித்தேன், மனதுக்குள் அல்ல, வாய்விட்டு. பிறகு சாமியிடம் மன்னிப்புக் கேட்டேன், ஆனால் முழு மனதாகக் கேட்கவில்லை.

என் நாத்தனார் சபிக்கவில்லை. "இத்தனை வருஷம் நாங்க அடக்கிட்டிருந்தோம் தலைவரே. ஒரு நாள் அடக்க முடியாமப் போனதை உங்களால பார்க்க முடியலையா?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வண்டியைச் சாய்தளத்தில் ஏற்றினாள். இருக்கைக்கு அடியில் எப்போதும் கிடக்கிற தொழில் பையிலிருந்து திருப்புளியை எடுத்தாள். பூட்டைத் தொடவே இல்லை. பூட்டு மாட்டியிருந்த கொண்டியை, ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டாள். காவல்காரர், "அம்மா, அம்மா" என்றார். கிட்ட வரவில்லை. எங்கள் தண்ணீரைக் குடித்தவர் அல்லவா.

கதவைத் தள்ளினோம்.

"உள்ள என்ன இருக்கு?" என்று ரேடியோ கேட்டார்.

"தலைவர்தான் இருக்கார்" என்றாள். "அட்டையில."

ஆள் உயர அட்டைகள். எல்லாவற்றிலும் கைகூப்பிச் சிரிக்கிற தலைவர். 'உங்கள் வீட்டுப் பிள்ளை' என்று எழுதிய பதாகைச் சுருள்கள், உடைந்த நாற்காலிகள். சங்கத்து ஆட்கள் ஒவ்வொன்றாக வெளியே கடத்தினார்கள். பெரியம்மாவை முதலில் உள்ளே அழைத்துப் போய்க் கழுவிவிட்டேன். அடுத்து என் நாத்தனார். அப்போதுதான் தெரிந்தது, கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. வண்டி உள்ளே போனால் கதவைச் சாத்த இடமில்லை. படம் வரைந்தவர், பார்த்துக் கையெழுத்துப் போட்டவர், திறந்து வைத்தவர், ஒருவரும் உள்ளே போய் ஒரு தரம் சாத்திப் பார்க்கவில்லை. வாசலில் மறைப்பாகப் பிடிக்க எதுவும் கிடைக்காமல் தலைவர் படம் போட்ட பதாகை ஒன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரிசை முடிகிற வரைக்கும் கை வலிக்கப் பிடித்தேன். அந்தச் சிரிப்பு முதல் தடவையாக ஒரு வேலைக்குப் பயன்பட்டது.

மேலாளர் புகார் கொடுத்தார். பொதுச் சொத்துக்குச் சேதம் விளைவித்தாள் என்று அவள் மேல் வழக்கு. பெரியம்மாவின் மானத்துக்கு விளைந்த சேதத்துக்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று ரேடியோ வக்கீல் வக்கீலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கட்சிப் பொறுப்பிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். கொண்டியைத் திரும்ப மாட்டினார்கள். ஆனால் பூட்டு மாட்டத் துணியவில்லை. எங்கள் ஆட்கள் வாரந்தோறும் போய்க் குடிக்கிறார்கள் அல்லவா. கதவு இன்னும் உள்பக்கமாகத்தான் திறக்கிறது. அடுத்த தேர்தலில் எங்கள் வார்டில் சுயேச்சையாக நிற்கப் போகிறாள். "என்ன சொல்லி ஓட்டுக் கேட்பே?" என்று அவள் அண்ணன் கேட்டார். "கதவைத் திருப்பி மாட்டுவேன்னு சொல்லுவேன்" என்றாள். "அது மட்டுமா?" என்றார். "முதல்ல அது" என்றாள்.

வழக்குக்காக முதல் தடவையாகக் கோர்ட்டுக்குப் போக வேண்டிய நாள் வந்தது. காலையில் நான் வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். அவள் அடுப்படி வாசலில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரை நிதானமாகக் குடித்தாள். பிறகு இன்னொரு செம்பு கேட்டாள்.

"அங்க எப்படி இருக்கோ, என்னவோ" என்றேன். "போற வழியில வந்துச்சுன்னா?"

"வரட்டும் அண்ணி" என்றாள். "நீதிபதிகிட்டயே கேட்போம்."