சூளைக் கதவும் ஒரு சந்தேகப் பேர்வழியும்

சூளைக்காரன் வேலையில் பாதி நெருப்பு போடுவது, மீதிப் பாதி நெருப்பை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பது; எனக்கு இந்த இரண்டாவது பாதிதான் வராது. இரண்டாயிரத்துக்குப் பிறகு விருத்தாசலத்தில் ஒரு சின்ன செராமிக் கம்பெனியில் சேர்ந்தேன்; அன்றிலிருந்து இன்றுவரை அங்கே சூளையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, பொம்மை எல்லாம் போடுவோம். சுடாத பச்சைச் சரக்கை உள்ளே அடுக்கி, வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, மண் பூசி, ஒன்றரை நாள் எரிக்க வேண்டும். அப்புறம் இரண்டு நாள் ஆற விட வேண்டும். அந்த இரண்டு நாளும் உள்ளே சரக்கு எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டு வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற கூட்டம் ஒன்று உண்டு. நீங்கள் அந்தக் கூட்டம் என்றால் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கும் இடம் கொடுங்கள். இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

தட்டிப் பார்த்தது

பீங்கானில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க விரல் நகத்தால் தட்டுவோம். நல்ல சரக்கு கணீரென்று கேட்கும். விரிசல் விட்டிருந்தால் சத்தம் செத்துப்போய் வரும். ஒரு தடவை தட்டினால் போதும், நான் மூன்று தடவை தட்டுவேன். டீக்கடை கிளாஸைக்கூடத் தட்டிவிட்டுத்தான் குடிப்பேன். கடைக்காரர் நான் கூப்பிடுவதாக நினைத்து இன்னொரு டீ போட்டுவிடுவார்.

சேத்தியாத்தோப்பில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்த ஒருவர் பியூஸ் கட்டை வாங்க வந்திருந்தார். சரக்கைத் தட்டி, வைக்கோல் வைத்து, பெட்டியில் கட்டி, ஆட்டோவில் ஏற்றியாகிவிட்டது. ஆட்டோ கிளம்புகிற நேரத்தில் எனக்கு மனசு கேட்கவில்லை. மூன்றாவது பெட்டியில் அடி வரிசையைத் தட்டினேனா? ஆட்டோவை நிறுத்தி, பெட்டியை இறக்கிப் பிரித்து, அவர் கண்ணெதிரிலேயே ஒவ்வொன்றாகத் தட்ட ஆரம்பித்தேன். எல்லாம் கணீரென்றுதான் இருந்தன. அவர் முகம்தான் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டு வந்தது. கடைசியில் கேட்டேவிட்டார்: "ஏங்க, செஞ்ச நீங்களே நம்பாத சரக்க நான் எப்படிங்க கடையில வெச்சு விக்கிறது?"

ஒரே ஒரு செங்கல்

நெருப்பு போடுவதற்கு முன்னால் சூளை வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொள்வேன். "ஆண்டவரே, இனிமே இது உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டுத்தான் பற்றவைப்பேன். சொல்லிக் கால் மணி நேரம் ஆகாது, பொறுப்பைத் திரும்ப வாங்கிக்கொள்வேன்.

ஒரு தடவை வேப்பூர் ஓட்டல் ஒன்றுக்கு ஊறுகாய் ஜாடி. அணைத்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. மேல்பூச்சு கலக்கும்போது தண்ணீர் ஒரு சொம்பு கூடிப்போயிருக்குமோ என்று தோன்றிவிட்டது. அவ்வளவுதான், அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு செங்கல்லை உருவி எட்டிப் பார்த்துவிட்டு உடனே அடைத்துவிடலாம் என்று கம்பியால் நெம்பினேன். உள்ளே பூச்சு அருமையாக உருகிப் பளபளவென்று இருந்தது. சந்தோஷமாகச் செங்கல்லைத் திரும்ப வைத்தேன். வைத்து முடிப்பதற்குள் உள்ளே 'டிங்' என்றது. பிறகு இன்னொரு 'டிங்'. நான் விட்ட குளிர்காற்று பட்டு, சூட்டில் இருந்த ஜாடிகள் ஒவ்வொன்றாக விரிசல் விட்டுக்கொண்டிருந்தன. நான் எட்டிப் பார்க்கிற வரைக்கும் அவை நன்றாகத்தான் இருந்தன.

முதலாளி சத்தம் போடுகிறவர் இல்லை. "அருளப்பா, இன்னொரு தடவ ஆறறதுக்கு முன்னாடி கதவத் தொட்டீன்னா, சூளைய வேற ஆள்கிட்ட குடுத்துட்டு ஒன்ன பேக்கிங்குக்கு மாத்திடுவேன்" என்று மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. சூளையை விட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது. பேக்கிங்கில் இருந்த தனம் என்னைவிட நாலு வயது சின்னவள், வாய் மட்டும் ரொம்பப் பெரியது. ஜாடிச் சில்லுகளைக் கூட்டி அள்ளிக்கொண்டே கேட்டாள்: "சாமிகிட்ட ஒப்படைச்சேன்னு சொல்லிட்டு அப்பறம் போயிப் போயி எட்டிப் பாக்கிறீங்களே அண்ணா, அவரு தூங்கிடுவாருன்னு பயமா?"

மூன்று சனிக்கிழமை

தனம் நெற்றியில் விபூதி வைத்துக்கொள்கிறவள். என் சாமியைப் பற்றி அவள் கேட்டது சுருக்கென்று தைத்தது. அந்தச் சனிக்கிழமையே கோயிலுக்குப் போய் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஆண்டவரை நம்பாமல் செங்கல்லை உருவினேன் என்று சொன்னேன். அவர் மன்னிப்பு கொடுத்து, சொல்ல வேண்டிய செபத்தையும் சொன்னார். அதையும் சொல்லி முடித்து, மனசு லேசாகி வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிறு சாயங்காலம் ஆரம்பித்தது. செங்கல்லை உருவினதைச் சொன்னேன், கம்பியால் நெம்பினதைச் சொன்னேனா? ஜாடி ஏன் விரிந்தது என்று முதலாளி கேட்டபோது முதலில் மழுப்பினதைச் சொன்னேனா? அடுத்த சனிக்கிழமை மறுபடியும் வரிசையில் நின்றேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் நின்றேன். மூன்றாவது தடவை நான் "செங்கல்லு" என்று ஆரம்பித்ததுமே எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. ஃபாதர் என்னைவிட வயதில் இளையவர், பொறுமைசாலி. ஆனாலும் பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு. "மொத வாரமே மன்னிச்சாச்சுங்க. ஆண்டவரே அத மறந்துட்டாரு, நீங்க ஏன் வாராவாரம் வந்து ஞாபகப்படுத்துறீங்க?"

வைக்கோல் குடில்

அந்த டிசம்பரில் கோயில் குடிலுக்குப் புதுப் பொம்மை வேண்டும் என்று ஃபாதர் எங்கள் கம்பெனியிலேயே சொல்லிவிட்டார். மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள், ஆடு மாடு, நடுவில் குழந்தை இயேசு. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரே ஒரு சூளைக்குத்தான் நாள் இருந்தது. கெட்டுப்போனால் மறுபடி சுட நேரம் கிடையாது. முதலாளி என்னைப் பார்த்தார், பிறகு சூளைக் கதவைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது.

எரித்து அணைத்த அன்று காலையிலேயே அந்த நினைப்பு வந்தது. பொம்மை உள்ளே வெறும் கூடு. சூட்டில் உள்ளே இருக்கிற காற்று வெளியேற, முதுகில் ஊசியால் ஓர் ஓட்டை குத்த வேண்டும். குத்தாவிட்டால் பொம்மை வெடித்து, பக்கத்தில் இருப்பதையும் உடைத்துவிடும். மாதாவுக்குக் குத்தினது ஞாபகம் இருந்தது, ராஜாக்களுக்குக் குத்தினதும் ஞாபகம் இருந்தது. குழந்தைக்குக் குத்தினேனா?

வெடித்திருந்தால் நெருப்பு போட்ட அன்றைக்கே வெடித்திருக்கும், இப்போது பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று புத்திக்குத் தெரிந்தது. கை மட்டும் கம்பியைத் தேடியது. கம்பியை எடுத்தும்விட்டேன். செங்கல்லுக்கு முன்னால் நின்றபோது தனம் கேட்ட கேள்வி ஞாபகத்துக்கு வந்தது. அவர் தூங்கவில்லை என்றால் நான் எதற்கு இங்கே நிற்கிறேன்? "ஆண்டவரே, என்கிட்ட நம்பிக்க ஒரு பிடிதான் இருக்குது, மிச்சத்த நீங்க போட்டுக்குங்க" என்று சொன்னேன். கம்பியைக் கொண்டுபோய்த் தனத்திடம் கொடுத்து, நான் கேட்டாலும் தராதே என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்கு நடந்தேன்.

அங்கே குடில் கட்டும் வேலை அப்படியே கிடந்தது. மூங்கிலை நட்டு வைக்கோலைப் பிடி பிடியாக முடிச்சிட ஆரம்பித்தேன். அதோடு சந்தேகம் போய்விட்டது என்று சொன்னால் பொய். அரை மணிக்கு ஒரு தடவை வந்தது. வந்தபோதெல்லாம் அதே செபத்தைச் சொல்லி இன்னொரு முடிச்சுப் போட்டேன். இரண்டு நாளில் கூரை நன்றாக அடர்த்தியாகிவிட்டது. மாதாவுக்கு இங்கே, சூசையப்பருக்கு அங்கே என்று இடம் ஒழித்து, நடுவில் குழந்தைக்கு வைக்கோலைக் குழித்து மெத்தை போட்டேன். ஃபாதர் வந்து பார்த்து, பொம்மைகள் எப்படி வந்திருக்கின்றன என்று கேட்டார். தெரியாது ஃபாதர், இன்னும் திறக்கவில்லை என்றேன். என் வாயில் 'தெரியாது' அவ்வளவு அமைதியாக வந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் காலி மெத்தையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "தெரியாமயேவா மெத்த வரைக்கும் போட்டுட்டீங்க? பரவாயில்ல, தேறிட்டீங்க."

குழந்தையின் முதுகு

திறக்கிற அன்றைக்கு முதலாளி வந்து நின்றார், ஃபாதர் வந்தார், தனம் கம்பியோடு வந்தாள். செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்தேன். மாதா முழுசாக இருந்தார், சூசையப்பர் முழுசாக இருந்தார். ஓர் ஆட்டுக்கு மட்டும் காது மூளியாகியிருந்தது. குழந்தையைக் கடைசி வரிசையில் வைத்திருந்தேன். கையை நீட்டி எடுத்தேன். கீறல்கூட இல்லை. தட்டினேன், கணீரென்றது. ஒரே ஒரு தடவைதான் தட்டினேன்.

தனம் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். முதுகில் ஓட்டை இருந்தது. ஒன்று இல்லை, வரிசையாக மூன்று. சூளையில் அடுக்குவதற்கு முன்னால், குத்தினேனா என்று சந்தேகம் வந்த ஒவ்வொரு தடவையும் குத்தியிருக்கிறேன், அதையும் மறந்திருக்கிறேன். நான் இரண்டு நாள் பயந்து செத்த காரியம் எப்போதோ மூன்று மடங்காக முடிந்திருந்தது. அன்றைக்கு அதைப் பார்க்கிறேன் என்று கதவைத் திறந்திருந்தால் மூன்று ஓட்டையும் சேர்ந்து அந்தக் குழந்தையைக் காப்பாற்றியிருக்காது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எல்லோரும் நிற்கிறார்களே என்று பார்க்காமல், ஆண்டவருக்கு வாய்விட்டு நன்றி சொன்னேன். முதலாளி குழந்தையை வாங்கி அந்த மூன்று ஓட்டையையும் விரலால் தடவிப் பார்த்தார். "சூளை ஒன்கிட்டயே இருக்கட்டும் அருளப்பா. ஊசிய மட்டும் தனத்துகிட்ட குடுத்துடு."

இப்போதும் சூளை ஆறுகிற இரண்டு நாளும் நான் அதை ஆண்டவரிடம் விட்டுவிட்டு நிம்மதியாக பஸ் ஸ்டாண்டு வரை போகிறேன், அங்கிருந்து வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்க்க மட்டும் திரும்பி வருகிறேன்.