சால் இலையில் ரசம்

ஆடிக் கிருத்திகை அன்னதானத்துக்கு இலை வாங்கும் பொறுப்பை எங்கள் கோவில் முருகப்பெருமான் என் தலையில் கட்டிய வருடம், கொல்கத்தாவில் நல்ல வாழையிலை கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்தது. காற்றிலும் மழையிலும் எல்லாம் நாராகக் கிழிந்துதான் வந்தது. காகிதத் தட்டு போதும் என்றார்கள். சுவாமி பிரசாதத்தைக் காகிதத்தில் போட எனக்கு மனசு வரவில்லை.

அப்போதுதான் பாலிகஞ்ச் ஸ்டேஷன் வாசலில், நம்மூர் மந்தார இலை போலத் தைத்த சால் மரத்து இலைத் தட்டு விற்கும் ஒரு தீதியைப் பார்த்தேன். வங்காளத்தில் அக்கா என்றால் தீதி, அண்ணன் என்றால் தாதா. அவளுக்கு ஜார்கிராம் பக்கம் காட்டோர ஊர். முன்பெல்லாம் இளம் சால் மரங்களை விறகுக்கு வெட்டி விற்றுத்தான் பிழைப்பாம். இப்போது ஊரே சேர்ந்து காட்டைக் காவல் காக்கிறது. மரத்தில் கை வைப்பதில்லை. இலையை மட்டும், அதுவும் கிளைக்குப் பாதி விட்டுவைத்துப் பறித்துத் தைக்கிறார்கள்.

"மரத்தை நிக்க விட்டா காத்துல இருக்கிற கரியை இழுத்து உடம்புல வச்சுக்குமாம் தாதா, காட்டிலாகா பாபு சொன்னாரு," என்றாள் வங்காளத்தில். "அப்போ கொல்கத்தா பஸ்ஸையெல்லாம் எங்க ஊருக்கு அனுப்புங்க, மரத்துக்கு நல்ல சாப்பாடுன்னேன்!"

சிரித்த முகம் சட்டென்று வாடியது. காகிதத் தட்டு வந்தபின் இலைத் தட்டுக்கு ஆளில்லை. பெரிய ஆர்டர் இல்லாமல் திரும்பினால், இரண்டொரு வீட்டில் மறுபடி கோடரியைத் தூக்கிவிடுவார்களே என்ற பயம் அவளுக்கு.

மறுநாள் அவளைப் பவானிபூரில் எங்கள் கோவில் சமையற்கட்டுக்கு அழைத்துப் போனேன். சமையல் பொறுப்பு திருநெல்வேலி அண்ணாச்சியுடையது. தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு கரண்டி ரசத்தை அதில் ஊற்றினார். தையல் வழியாக அத்தனையும் அவர் வேட்டியில்.

"பாரும்வே! வங்காளத்துக் கிச்சடிக்குத் தச்ச இலையில ரசம் நிக்குமா? வார சனமெல்லாம் மடியில வாங்கிட்டுப் போகவா?"

தீதிக்குத் தமிழ் புரியாது. வேட்டி புரிந்தது. தட்டுகளைத் திரும்பக் கட்ட ஆரம்பித்தாள்.

காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஏன் அண்ணாச்சி, வெறும் இலையில யாராவது ரசத்தை ஊத்துவாவளா? வாழையிலைன்னாலும் ஓடத்தானே செய்யும்! மொதல்ல சோத்தை வைங்க."

இரண்டு தட்டுப் போட்டு அண்ணாச்சியையும் தீதியையும் உட்கார வைத்தாள். அண்ணாச்சி சோற்றைக் குவித்து, நடுவில் குழித்து, ரசம் வாங்கினார். தீதி ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"அட, வயலுக்கு வரப்பு!" என்றபடி தன் சோற்றை அணைத்துக் கட்டினாள். நாற்று நட்ட கை. ஒரு சொட்டு வெளியே வரவில்லை. பேசிக்கொண்டே சாப்பிட்ட அண்ணாச்சி பக்கம்தான் உடைப்பு!

சாப்பிட்டு முடித்தவள், இன்னும் கொஞ்சம் ரசம் என்று தட்டை நீட்டினாள். தன் ரசத்தை இரண்டாம் முறை கேட்டவர்களை அண்ணாச்சி ஒருநாளும் கைவிட்டதில்லை.

"சரிவே, இதையே சொல்லிரும். ஆடிக்கு மட்டுமில்ல, மாசாமாசம் கிருத்திகைக்கும். ஆனா ரெட்டை இலையா வச்சுத் தைக்கணும்," என்றார், வேட்டியைப் பிழிந்துகொண்டே.

நான் வங்காளத்தில் சொல்லி முடிப்பதற்குள், தீதி எச்சில் கையோடு இடது கையால் ஊருக்குப் போன் போட்டுவிட்டாள். எடுத்தது ஒருத்தி, கத்தியது ஒரு கூட்டம். முருகா என்று கும்பிட்டுக்கொண்டேன்.

"பாயசத்துக்குத் தொன்னையும் தைப்பாவளான்னு கேளும்வே!" என்றார் அண்ணாச்சி. அந்தக் கூச்சலில் அதைக் கேட்க எங்கே இடைவெளி கிடைத்தது!