ஜன்னல் ஓரத்துத் துருக்கறை

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைக்குப் போகிற வழியில் இருக்கிறது எங்கள் வீடு. அப்பா கட்டியது. அதன் முன்சுவரில், ஜன்னல் ஓரமாக ஆள் உயரத்துக்கு மேலே, ஓர் இரும்பு ஆங்கிள் துருத்திக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே துருக்கறை. மழை பெய்தால் நீளும், வெயிலில் காய்ந்தால் கறுக்கும். நான் பெயிண்டர். ஊரார் வீட்டுக் கறைகளைப் போக்கிவிட்டுத் தினமும் இந்தக் கறையைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போவேன்.

துருவுக்கு வைத்தியம் எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இரும்பைப் பிடுங்கி, ஊறிப்போன பூச்சைக் கொத்தி எடுத்து, சிமெண்ட் பூசிக் காயவிட்டு, பட்டி போட்டுச் சமப்படுத்தி, பிரைமர் அடித்த பிறகுதான் பெயிண்ட். இரும்பை உள்ளே விட்டுவிட்டு எத்தனை கோட்டிங் கொடுத்தாலும், ஈரம் பட்டதும் கறை வெளியே வந்து நிற்கும்.

கல்யாணமான மறுவருஷம் என் மனைவி மாசமாக இருந்தாள். நான் வேலைக்குப் போய்விட்டால் தனியாக இருக்க வேண்டும். பொழுது போகட்டுமே என்று கேபிள் கனெக்‌ஷன் கேட்டாள். கேபிள்காரர் வந்து, வயரைக் கட்ட அந்த ஆங்கிளைச் சுவரில் அடித்துவிட்டுப் போனார். மாசமான பெண் இருக்கிற வீட்டில் சுவரை இடிக்கக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது என்பார்கள். அவருக்கு விஷயம் தெரியாது. அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

அடுத்த மாசம் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோயிற்று. பையன். ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். துணியை விலக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே கொண்டுபோய்க் கரையில் அடக்கம் செய்தோம். பேர் வைக்கவில்லை, போட்டோ கிடையாது.

துக்கம் விசாரிக்க வந்த ஒருத்தி வாசலில் நின்று ஆங்கிளைப் பார்த்து, "இதை எப்ப அடிச்சீங்க?" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கப்புறம் என் மனைவி டி.வி. முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பிடுங்கிப் போடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அடித்ததற்கே இப்படி, பிடுங்கினால் என்ன ஆகுமோ, தொடாதீங்க என்றாள். அப்புறம் மகள் பிறந்தாள், பள்ளிக்கூடம் போனாள், கல்யாணமாகிக் கரூருக்குப் போனாள். கேபிள் வயரையும் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆங்கிள் மட்டும் இருந்தது.

நான் சுபாவத்திலேயே பயந்தவன். வீட்டைப் பூட்டி இழுத்துப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாப் வரை போய், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். இதெல்லாம் ஒன்றுமில்லை என்று படித்தவர்கள் சொன்னால் தலையாட்டுவேன். வீட்டுக்கு வருவதற்குள் பயம் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும். எந்த வீட்டில் ஆணி பிடுங்குவதானாலும், யாராவது மாசமா இருக்காங்களா என்று கேட்டுக்கொள்வேன். மன்னார்புரத்தில் ஒரு வீட்டம்மா, "எங்க நாய்தான் மாசமா இருக்கு. அதுக்கும் பார்க்கணுமாங்க?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனாலும் நாயைக் கொல்லைப்பக்கம் கட்டச் சொல்லிவிட்டுத்தான் சுத்தியலை எடுத்தேன்.

போன வருஷம் மகள் மாசமானாள். வாந்தி நிற்காமல், வளைகாப்புக்குக் காத்திராமல் ஐந்தாம் மாசமே எங்களிடம் வந்துவிட்டாள். வந்தவளுக்காக வீட்டுக்கு வெள்ளையடிக்காமல் எப்படி இருப்பது? ஆனால் இனி ஆங்கிளைப் பிடுங்கவும் வழியில்லை. கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கக்கூடக் கை வரவில்லை. சத்தம் வராமல் உப்புத்தாளால் தடவி, இரும்புக்குத் துரு தடுக்கிற ரெட் ஆக்சைடு பூசி, கறையைப் பட்டி போட்டு மறைத்து, வெளிர் மஞ்சள் அடித்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஐப்பசி மழை பிடித்தது. மழை விட்ட ஒரு காலையில் மஞ்சளுக்குள் பழுப்பாக ஓர் இழை தெரிந்தது. வேலை முடிந்து வரும்போது அது விரல் அகலம் ஆகியிருந்தது. பழைய தடத்தில் இறங்காமல் ஜன்னலைப் பார்த்துச் சாய்ந்து இறங்கியது. அந்த ஜன்னலுக்குப் பின்னால்தான் மகள் படுத்திருந்தாள்.

மறுநாள் அவள் எழுந்திருக்கும் முன் என் மனைவி ஒட்டடைக் குச்சியில் ஈரத்துணியைச் சுற்றிக் கறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியைப் பிழிந்தாள், தண்ணீர் செந்நிறமாக ஓடியது. என்னைப் பார்த்தாள். மழை நாளெல்லாம் அவள் துடைத்தாள். கறை வந்துகொண்டே இருந்தது.

கடைசியில் மகள் பார்த்துவிட்டாள்.

"ஏம்ப்பா, ஊருக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கிறீங்க. நம்ம வீட்டுச் சுவரு வெத்தலை போட்டுத் துப்புன மாதிரி இருக்கு."

"வாயை மூடுடி" என்றாள் என் மனைவி. அப்படி அவள் மகளை அதட்டியதே இல்லை. அதட்டிய பிறகு மறைக்க முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, உனக்கு முன்னால் ஓர் அண்ணன் இருந்தான் என்று ஆரம்பித்து, கேபிள் கேட்டது தான்தான் என்பது வரை சொன்னாள்.

மகள் வயிற்றில் கைவைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அண்ணன் யாரு மாதிரிம்மா இருந்தான்?"

"உங்கப்பா மாதிரி. காது மட்டும் என்னோடது."

எனக்கு அது அன்றுவரை தெரியாது. அவள் பார்த்திருக்கிறாள் என்பதே தெரியாது.

"நான் பெத்து முடிக்கிற வரைக்கும் அது அங்கயே இருக்கட்டும்" என்றாள் மகள். "துடைக்கவும் வேணாம்மா."

அப்படியே விட்டோம். வேலைக்குப் புறப்படும்போது சுவரைப் பார்க்காமல் போகத்தான் நினைப்பேன், முடியாது. கறை ஜன்னல் கட்டையைத் தொட்ட அன்று கே.கே. நகரில் பாதி வேலையில் சாரத்தை விட்டு இறங்கித் திரும்பி வந்தேன். மகள் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். என்னப்பா சீக்கிரம் வந்துட்டீங்க என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

தை மாசத்தில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம் என்று நர்ஸ் சொல்லியும் நம்பாமல், குழந்தை அழுகிற சத்தத்தை நானே கேட்ட பிறகுதான் பெஞ்சில் உட்கார்ந்தேன். என் மனைவி வந்து பக்கத்தில் நின்றாள். "நாங்க வீட்டுக்கு வர்றதுக்குள்ள அதை எடுத்துடுங்க" என்றாள்.

தனியாகப் போய் எடுத்தேன். சுத்தியல் தேவைப்படவில்லை. கையால் அசைத்ததும் ஆங்கிள் மக்கிப்போன பட்டை போல ஏடு ஏடாக உதிர்ந்து வந்தது. ஓட்டையைச் சுரண்டி, சிமெண்ட் வைத்து அடைத்துக் காயவிட்டு, மற்ற வேலையையும் முடித்தேன்.

ஆரத்தி எடுத்து மகளையும் குழந்தையையும் உள்ளே அனுப்பிய பிறகு என் மனைவி மட்டும் வெளியே நின்றாள். சுவர் ஒரே மஞ்சளாக இருந்தது. "எந்த இடம்ங்க?" என்றாள். காட்டினேன். என் ஸ்டூலில் ஏறி உள்ளங்கையை வைத்தாள்.

"இங்க மேடா இருக்கே."

"உப்புத்தாள் போட்டா சமமாயிடும்."

"போட வேணாம். இருக்கட்டும்."

ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டேன். உள்ளே குழந்தை அழுதது. அவள் உடனே இறங்கவில்லை.