விழாத முழங்கால்

அடிபடாத முழங்கால் எப்படி வலிக்கும்? என் வலது முழங்காலில் ஒரு கீறலின் தழும்புகூடக் கிடையாது. குளிக்கும்போது தடவிப் பார்த்திருக்கிறேன். கல்யாணமான புதிதில் கணவரிடம் காட்டிக் கேட்டும் இருக்கிறேன். ஆனாலும் ஓர் இறக்கத்தைக் கண்டால், அது ஏதோ கடை வாசலின் சாய்தளமாக இருந்தாலும், அந்த முழங்கால்தான் முதலில் இழுத்துக்கொள்கிறது.

எனக்கு அப்போது பத்து வயது. ஸ்ரீவராகத்தில் அக்ரஹாரத் தெருவில் வீடு. அண்ணாவுக்குப் பூணல் நிச்சயமாகியிருந்தது. மஸ்கட்டிலிருந்து வந்த சித்தப்பா அதற்கு முன்கூட்டியே பரிசாக ஒரு கியர் சைக்கிள் கொடுத்திருந்தார். முள்முள்ளாகத் தடித்த டயர், முன்சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங். எங்கள் தெருவில் அதை ஓட்டினால் இரண்டு வீட்டுக் கோலம் அழிந்து மூன்றாவது வீட்டில் சண்டை வரும். அதனால் நகரத்தின் ஓரத்தில், ஒரு பூங்காவை ஒட்டி இருந்த அப்பாவின் சிநேகிதர் வீட்டில் அதை வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா எங்கள் இருவரையும் ஸ்கூட்டரில் அங்கே கூட்டிப்போவார்.

ஊஞ்சலும் பூச்செடியும் பூங்காவின் முன்பக்கத்தில் மட்டும்தான். பின்பக்கம் ரப்பர் மரங்களும் முந்திரி மரங்களும் நின்ற செம்மண் குன்று. ஆட்கள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதை ஒன்று மேலிருந்து வளைந்து இறங்கும். பாதி வழியில் ஒரு முந்திரி வேர் குறுக்கே புடைத்திருக்கும். அதைத் தாண்டியதும் ஒரு திருப்பம், பிறகு வாய்க்கால்.

சைக்கிள் அண்ணாவுடையது. அவன் சமதரையிலேயே சுற்றிச் சுற்றி ஓட்டுவான். அவன் தண்ணீர் குடிக்கும் நேரம் என்னுடையது. நான் சைக்கிளைக் குன்றின்மேல் தள்ளிக்கொண்டு போய் அந்தப் பாதையில் இறங்குவேன். யாரும் கற்றுத்தரவில்லை. சீட்டிலிருந்து எழுந்து, பெடல்களை ஒரே மட்டத்தில் வைத்து, பின் பிரேக்கை மட்டும் லேசாகப் பிடித்தால், வேர் நம்மைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிடும். உடம்பே கண்டுபிடித்தது அதை. அப்பா கீழே நின்று கைதட்டுவார். “சாடறதைப் பாரு, முயல்குட்டி மாதிரி” என்பார். அப்பா அப்படிச் சொன்னார் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பந்தக்கால் நட்டுவிட்டால் பூணல் பையனை வெளியே அனுப்பக் கூடாது என்பது எங்கள் தெருவில் எழுதாத சட்டம். பந்தக்கால் நட்ட பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா சமையல்காரரிடம் பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து அப்பா எங்களை ஸ்கூட்டரில் ஏற்றினார். “ஒரே ஒரு ரவுண்டு, கேட்டேளா? அம்மாகிட்ட மூச்சு விடப்படாது.”

அன்றும் நான் இறங்கினேன். அப்பா கைதட்டினார். அண்ணா என்னைப் பார்க்கவில்லை, அந்தக் கைகளைத்தான் பார்த்தான்.

“குடுடி, இது என்னோட சைக்கிள்” என்று பிடுங்கிக்கொண்டு மேலே போனான்.

“முன் பிரேக்கைப் பிடிக்காதே அண்ணா!”

“எனக்குத் தெரியும், போடி.”

வேரைக் கண்டதும் முன் பிரேக்கை இறுக்கினான். சைக்கிள் நின்றது, அவன் நிற்கவில்லை. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள்.

ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினோம். பழவங்காடியில் நிறுத்தச் சொல்லி அப்பா மருந்துக் கடையில் கட்டுத்துணியும் டிங்சரும் வாங்கி வந்தார். பிள்ளையார் கோவில் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு என்னிடம், “காலை நீட்டு” என்றார்.

“எனக்கு ஒண்ணும் ஆகலையேப்பா.”

“தெரியும். ஆச்சுன்னு வெச்சுக்கோ. அண்ணாவுக்குப் பூணல் இல்லையா? நீ நல்ல கொழந்தையோல்லியோ?”

நான் நல்ல குழந்தைதான். காலை நீட்டினேன். முழங்காலில் டிங்சரைப் பூசி, மிகவும் பொறுமையாக, சுருக்கம் விழாமல் கட்டினார். அண்ணா வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

வாசலிலேயே அம்மா அலறினாள். “பந்தக்கால் நட்டாச்சு, கொழந்தையை எங்கேயும் அழைச்சுண்டு போகாதேங்கோன்னு சொன்னேனா இல்லையா?”

“இவ இறக்கத்துல விழுந்துட்டா. இவளைத் தூக்கறதுக்கு ஓடினான். அங்கேதான் சறுக்கிடுத்து” என்றார் அப்பா.

அம்மா முதலில் என் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகுதான் அண்ணாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

குறித்த நாளில் பூணல் நடந்தது. மாவுக்கட்டுக் கையை அப்பா தாங்கிப் பிடிக்க, அண்ணா மந்திரம் சொன்னான். விளையாடப் போய்க் கையை உடைத்துக்கொண்ட பையன் என்றால் அபசகுனம். தங்கைக்காகக் கையைக் கொடுத்த பையன் என்றால் ஆசீர்வாதம். திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் அவன் தலையைத் தடவினார்கள். நான் பந்தல் முழுவதும் நொண்டிக்கொண்டு திரிந்தேன். இவ்வளவு பேர் என்னைக் கவனித்தது அதற்கு முன் இல்லை என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே நொண்டினேன்.

“எந்தக் கால்டி நோவறது?” என்று அத்தை கேட்டாள். “காலம்பற அந்தக் கால், மத்தியானம் இந்தக் காலா? சாயங்காலம் கைக்கு மாறிடுமோ?”

பந்தலே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்காமல் எழுந்து வந்து என் கையில் ஒரு ஜாங்கிரியை வைத்தார். பரிசு என்று நினைத்துக்கொண்டேன்.

மாவுக்கட்டு பிரித்ததும் அண்ணா பூங்காவுக்குக் கிளம்பினான். நானும் செருப்பை மாட்டினேன்.

“நீ எங்கேடி? விழுந்தவ நீதானே!” என்றாள் அம்மா. அவளுக்கு நிஜம் தெரியாது. அப்பாவைப் பார்த்தேன். தெரிந்தவர் அவர். பேப்பரை ஒரு பக்கம் புரட்டினார்.

அதோடு சரி. பிறகு பள்ளியில் மலையேறக் கூட்டிப்போனபோது, “அவளுக்கு பேலன்ஸ் கிடையாது” என்று அம்மா அனுப்பவில்லை. கல்லூரி நாளில் ஸ்கூட்டர் கேட்டபோதும் அதே பதில். பெண் பார்க்க வந்தவர்களிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று அம்மா, “சின்ன வயசுல முழங்கால்ல ஒரு அடி, இப்ப ஒண்ணுமில்லை” என்று சொல்லிவைக்க, அவர்கள் என்னைக் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்கச் சொன்னார்கள். ஒருநாளும் பட்டிராத அடிக்காக நான் நடந்து காட்டினேன். அப்பா அப்போதும் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டு, இப்போது வாயில் செம்மண் கரகரத்ததுகூட ஞாபகம் வருகிறது. விழுந்திருப்பேனோ என்று சில நாள் எனக்கே சந்தேகம். பிறகு முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.

என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. அதே பூங்காவில் இன்று ஹெல்மெட்டும் கையுறையும் மாட்டிய குழந்தைகள் ஞாயிறுதோறும் மலை சைக்கிள் பழகுகிறார்கள். பாதைக்கு அம்புக்குறி போட்டிருக்கிறார்கள், வேர் அப்படியே இருக்கிறது. நான்தான் அவளைச் சேர்த்தேன். சேர்த்த அன்றிரவு தூங்கவில்லை என்பது வேறு விஷயம். கனடாவிலிருக்கும் அண்ணா மருமாளுக்கு ஆசையாக சைக்கிள் வாங்கப் பணம் அனுப்பினான், வீடியோவில் கதையும் சொன்னான். “உங்கம்மா உருண்டு போனா. மாமாதான் பிடிச்சேன், கேட்டியோ.”

போன ஞாயிறு பேத்தி ஓட்டுவதைப் பார்க்க அப்பாவும் வந்தார். இதய ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அதிகம் நடப்பதில்லை. தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார், அன்று கைதட்டிய இடத்திலேயே. நான் மேலே அவள் பக்கத்தில் நின்றேன். மற்ற குழந்தைகள் கூவிக்கொண்டு இறங்கிப் போனார்கள். இவள் வேரைப் பார்த்தாள், என் முழங்காலைப் பார்த்தாள், சைக்கிளை விட்டு இறங்கிவிட்டாள்.

“எனக்குப் பேடியா இருக்கும்மா, பயமா இருக்கு. நீ விழுந்தது இங்கேதானே? நான் உன் பொண்ணுதானே, நானும் விழுவேன்.”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கீழேயிருந்து அப்பாவின் குரல். “வேண்டாண்டா கண்ணா, இறங்கி நடந்து வா. உங்கம்மாவும் இந்த எடத்துலதான் விழுந்தா!”

கீழே இறங்கி வந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். அதில் பொய்யே இல்லை. உண்மையான பதற்றம். முயல்குட்டி என்று சொன்னவர் அந்த முகத்தில் எங்கேயும் இல்லை. நாங்கள் மூவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தே திரும்பினோம்.

பந்தலில் ஜாங்கிரியைத் தின்றுகொண்டிருந்த அந்தப் பத்து வயதுப் பெண்ணுக்கு, கட்டு இரண்டொரு நாளில் அவிழ்ந்துவிடும் என்ற நினைப்பு. இன்னொரு குழந்தையின் காலில் போய் அது சுற்றிக்கொள்ளும் என்று அவளுக்கு யார் சொல்வார்கள்?

வருகிற ஞாயிறும் அப்பா வருகிறேன் என்கிறார். மகளிடம் நான் விழவே இல்லை என்று சொன்னால், அவள் உடனே திரும்பித் தாத்தாவிடம்தான் கேட்பாள். சொல்லாவிட்டால் அவள் இறங்கவே மாட்டாள். படிக்கிறவர்களில் பிள்ளை பெற்றவர்கள் இருப்பீர்கள், வயதான அப்பா உள்ளவர்களும் இருப்பீர்கள். அந்தக் குன்றின்மேல் நின்று அவளிடம் நான் என்ன சொல்லட்டும்? ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது சொல்லுங்களேன்.