ஹெட்போனில் மட்டும் கேட்டிருந்த மஞ்சுளா

சனிக்கிழமை மதியம். முதல் ஷிஃப்ட் முடித்து வந்து, சாப்பிட்டுவிட்டு, டிவியில் கேம் மிஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். திரையின் ஓரத்தில் மஞ்சுளாவின் பெயர் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அவள் வரவில்லை. கம்பெனியில் ஆடிட் வந்திருக்கும், ஓவர்டைம் போட்டிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அழைத்தேன்.

“என்னம்மா, ரெண்டு நாளா ஆளையே காணோம்?”

மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஓர் ஆண் குரல், தயங்கித் தயங்கி வந்தது.

“ஹலோ… யாருங்க?”

“நான் அருள்ராஜ். மஞ்சுளா இல்லையா?”

“நான் அவங்க வீட்டுக்காரருங்க. நாகராஜ். சும்மா இதைக் கையில எடுத்தேன், எந்த பட்டனை அமுக்கினேனோ, தானா ஆன் ஆயிடுச்சு. யாரோ கூப்புடற மாதிரி சத்தம் வந்துச்சு. அதான்…”

“பரவால்லைங்க. மஞ்சுளா இருக்காங்களா?”

“இல்லைங்க.”

“எப்ப வருவாங்க?”

பின்னால் யாரோ தெலுங்கில் ஏதோ கேட்டார்கள். அவர் மறுபடியும், “இல்லைங்க,” என்றார். “வியாழக்கிழமை காலையில கம்பெனி பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்தா. தலை வலிக்குதுன்னு ஒக்காந்தாளாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருச்சுன்னு சொன்னாங்க. நேத்து எடுத்துட்டோம்.”

சமையலறையிலிருந்து வந்த என் மனைவி, ஹெட்போனைக் கழற்றாமல் அணைந்த திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்த என்னைத் தோளைப் பிடித்து உலுக்க வேண்டியிருந்தது. மஞ்சுளாவுக்கு முப்பத்தொரு வயது. காய்ச்சல் என்றுகூட ஒரு நாள் சொன்னதில்லை.

நம் ஓசூர் வீடியோ கேம் குழுவில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. மிருகங்களை வேட்டையாடும் இந்த விளையாட்டுக்குப் புதிதாக வந்து திணறிய பெரும்பாலோரை அவள்தான் கரையேற்றினாள். உங்களுக்கெல்லாம் அவளைப் பற்றிச் சொல்ல ஆளாளுக்கு ஒன்று இருக்கும். எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன்.

நான் விளையாட்டுக்காக இதற்குள் வந்தவன் அல்ல. சிப்காட்டில், இரும்புத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை. மிஷினில் என் இடது கை மாட்டி நசுங்கியது. ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்தபோது விரல்கள் மரக்கட்டை போல இருந்தன. கட்டைவிரல் அசையவே இல்லை. ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கிக் கையை உபயோகித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று பிசியோதெரபி செய்த பெண் சொன்னார். நான் கையைச் சட்டைப்பைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் மச்சான் தன் பழைய கேம் மிஷினைக் கொண்டுவந்து வைத்து, “மாமா, பந்தை அமுக்கறதுக்கு இதை அமுக்குங்க,” என்றான்.

அதில் வரும் முதல் பெரிய மிருகத்திடமே செத்துச் செத்து விழுந்தேன். வால் நிறைய முள் வைத்த ஒரு பிரம்மாண்டமான பல்லி அது. வேறு வழியில்லாமல், மச்சான் சேர்த்துவிட்ட நம் குழுவில் எழுதினேன்: “புதுசு. பல்லியையே தாண்ட முடியவில்லை. யாராவது உதவ முடியுமா?” கேமை விற்றுவிடச் சொல்லி ஒருவர் எழுதினார். இன்னொருவர் நீளமான ஆங்கில வீடியோவை அனுப்பினார். சிலர் சிரித்தார்கள். மஞ்சுளா மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். “ஹெட்போன் இருக்கா அண்ணா?”

அன்று மாலை அவள் என் வேட்டைக்குள் வந்தாள். அவள் நினைத்திருந்தால் அந்தப் பல்லியை ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடித்திருப்பாள். எனக்குத் துணைக்கு வந்த மற்றவர்கள் அப்படித்தான் செய்தார்கள். நான் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பேன், வேட்டை முடிந்துவிடும், அடுத்த நாள் நான் மறுபடி சாவேன். அவள் ஆயுதத்தை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

“அண்ணா, இப்ப நீங்களும் அடிக்காதீங்க. அதைச் சுத்தி வாங்க. அது என்ன பண்ணுதுன்னு எனக்கு வாயால சொல்லிட்டே வாங்க.”

“நடக்குது.”

“சரி.”

“தலையைத் தூக்குது… வாலைச் சுருட்டுது…”

“சுருட்டினா?”

அதற்குள் வால் என்னை அடித்து எறிந்திருந்தது. “பாத்தீங்களா? சுருட்டினா சுத்தும். இதுதான் இன்னைக்குப் பாடம்,” என்று சிரித்தாள். அன்று நாங்கள் தோற்றோம். “நல்லா இருந்துச்சு அண்ணா,” என்றாள். கேலி செய்கிறாளோ என்று நினைத்தேன். இல்லை, உண்மையாகவே சொன்னாள்.

சில மாலைகள் கழித்து, வேட்டைக்கு நடுவில் திடீரென்று, “ஒண்ணு கேக்கலாமா? அடியில இருந்து தப்பிக்க நீங்க ஏன் எப்பவும் வலது பக்கமே உருள்றீங்க?” என்றாள். என் கையைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. முகம் தெரியாத குரல் என்பதாலோ என்னவோ, சொல்லிவிட்டேன். இடது கட்டைவிரலால்தான் நகர வேண்டும், எனக்கு அது இடது பக்கம் வளையாது என்றேன். ஐயோ பாவம் என்று அவள் சொல்லவில்லை. “அந்தப் பெரிய கத்தியைத் தூக்கிப் போடுங்க. ஈட்டியும் கேடயமும் எடுங்க. ஓடவே வேணாம். வருது பாருங்க, நில்லுங்க, தடுங்க, குத்துங்க,” என்றாள்.

அதோடு விடவில்லை. ஒவ்வொரு வேட்டையிலும் ஒரே ஒரு தடவை நான் இடது பக்கம் உருள வேண்டும் என்று சட்டம் போட்டாள். “எப்ப வேணா உருளுங்க. அடி வாங்கினாலும் பரவால்ல. நான் மருந்தோட நிக்கறேன். ஆனா ஒரு தடவை உருளணும்.” வலியில் எனக்குக் கண்ணில் நீர் வரும். உருண்டதும் அவள் கன்னடத்தில் ‘ஒந்து’ என்று எண்ணுவாள். நாளாக ஆக ஒரு தடவை இரண்டானது, பிறகு நாங்கள் எண்ணுவதையே விட்டுவிட்டோம்.

பல்லி செத்த அன்று நான் போட்ட கூச்சலில் என் கைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று மனைவி ஓடிவந்தாள். ஹெட்போனில் மஞ்சுளா ‘அம்மய்யா!’ என்று தெலுங்கில் கத்தினாள். அவளுக்கு எண்ணிக்கை கன்னடம், சந்தோஷமும் திட்டும் தெலுங்கு, சொல்லிக்கொடுப்பது தமிழ். பாகலூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது சாதாரணம்.

அவளை ஒரு சாந்த சொரூபியாக நினைத்துவிட வேண்டாம். வேட்டையில் அடிபட்டும் மருந்து குடிக்காமலேயே குடித்தேன் என்று சொல்பவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. “பொய் சொல்லாதீங்க! உங்க ரத்த அளவு எனக்குத் திரையில தெரியுது!” என்று அவள் போட்ட சத்தம் நம்மில் பலர் காதில் இன்னும் இருக்கும். நெட் சரியில்லை என்று சாக்குச் சொன்ன ஓர் இன்ஜினியரை வேட்டைக்கு நடுவில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அடுத்த நாள் அவளே கூப்பிட்டு மறுபடி சேர்த்துக்கொண்டாள்.

இதையெல்லாம் எங்கே கற்றாய் என்று ஒரு நாள் கேட்டேன். “எங்கப்பா சானமாவுக் காட்டோரம் ராகி போடுவார் அண்ணா. குளிர்காலம் ஆனை வரும். சின்னப்புள்ளையில நானும் பரண் மேல அவர் பக்கத்துல ஒக்காந்திருப்பேன். காதை ஆட்டிட்டிருந்தா அது பாட்டுக்குத் தின்னுட்டுப் போகும். காதை விரிச்சு அசையாம நின்னா, எறங்கி ஓடக் கூடாது. அப்பா வாயே தெறக்க மாட்டார். கையைப் பிடிச்சு அமுக்குவார், பாருன்னு அர்த்தம்.” வேறெதையும் விட நீளமாக அவள் தன்னைப் பற்றிப் பேசியது அதுதான்.

நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். பிரஸ் பக்கம் இல்லை, தரப் பரிசோதனைப் பிரிவில். ஒரே ஊர்ப்பக்கம் இருந்தும் நாங்கள் நேரில் சந்தித்ததில்லை. இருவரும் வீட்டில் இருக்கும் அந்த மாலை நேரம் விளையாட்டுக்கே சரியாக இருந்தது. பொங்கலுக்குக் குழுவில் எல்லோரும் ஒரு ஹோட்டலில் கூடலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

நாகராஜிடம் பேசிய மறுநாள், ஞாயிறு காலை, மனைவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு பாகலூர் போனேன். பஸ் நிறுத்தத்தில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். வட்ட முகம், பெரிய பொட்டு, கல்யாணத்தில் எடுத்த படமாக இருக்க வேண்டும். யாரோ பாவம் என்று கடந்து போய்விட்டேன். “பேரைப் பாருங்க,” என்று மனைவி முதுகில் தட்டினாள். வண்டியைத் திருப்பி வந்து அதன் கீழே நின்றேன். அத்தனை மாதம் என் காதுக்குள் பேசியவளின் முகத்தை முதன்முதலாக அங்கேதான் பார்த்தேன். அந்த முகத்துக்குள் அந்தக் குரலைப் பொருத்திப் பார்க்க என்னால் முடியவில்லை.

வீட்டு வாசலில் ஷாமியானா இன்னும் பிரிக்கப்படவில்லை. அதன் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. தொங்கும் வெள்ளை மீசை, அகன்ற மூக்கு, இடது புருவத்தின் நடுவே ஒரு வெட்டு. அவரை எனக்குத் தெரியும். மாதக்கணக்காகத் தினமும் அவருக்குப் பக்கத்தில் நின்று வேட்டையாடியிருக்கிறேன்.

குழுவில் இருக்கும் உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். விளையாட்டில் நாம் எல்லோரும் வாலிபமான, அழகான வேட்டைக்காரர்களாக உருவம் செய்துகொண்டபோது, மஞ்சுளா மட்டும் ஒரு கிழவராக வந்தாள். ‘தாத்தா வந்துட்டார்’ என்று கிண்டல் செய்தோம். ஏன் இப்படி என்று கேட்டால், ‘எனக்குப் புடிச்ச மூஞ்சி’ என்பாள். அந்த முகம் அங்கே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவளுடைய அப்பா கிருஷ்ணப்பா.

நாகராஜ் எழுந்து வந்தார். சிவந்த கண்களுடன் மெல்லிய மனிதர், டெம்போ ஓட்டுகிறவர். என்னைத் தனியே அழைத்துப் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார். “நேத்து அதை ஆன் பண்ணினதும் மாமா மூஞ்சி டிவியில வந்துச்சுங்க. அவருக்கு இன்னும் சொல்லல.”

ஆனால் கிருஷ்ணப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீங்க யாரு சாமி? கம்பெனியா?” என்றார்.

“இல்லைங்க ஐயா. உங்க பொண்ணுகூட டிவியில விளையாடுவேன். என் கை நசுங்கிக் கிடந்தப்ப அவங்கதான் எனக்கு…” கையை நீட்டி விரல்களை மடக்கிக் காட்டினேன். அவர் என் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அவ அதுல என்னதான் பண்ணுவா? எனக்கு ஒரு தடவை காட்டுங்க.”

நாகராஜ் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பிறகு அவர் எங்களை உள்ளே அழைத்துப் போய் மிஷினைப் போட்டார். திரையில் ஒரு கூடாரத்தின் முன்னால், கவசம் அணிந்து, முதுகில் ஆயுதத்துடன் அந்த முகம் திரும்பி எங்களைப் பார்த்தது. கிருஷ்ணப்பா டிவிக்கு மிக அருகில் போனார். தன் புருவத்தின் வெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“இது நானு.”

“ஆமாங்க ஐயா.”

“நான் இதுல என்ன பண்ணுவேன்?”

“முன்னாடி நிப்பீங்க. எங்கள்ல யாராவது கீழ விழுந்தா மருந்தோட ஓடி வருவீங்க.”

“ஓடறனா?” என்று திரும்பினார். “முட்டி தேஞ்சு போயி கக்கூஸுக்கு நடக்க முடியல சாமி எனக்கு. ஓடறனாம்!” அவர் சிரித்தார். சத்தமாகவே சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது வேறாக மாறியது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். என் மனைவி அவர் அருகில் உட்கார்ந்தாள். நாகராஜ் திரையை அணைக்கப் போனபோது, துண்டுக்குள்ளிருந்தே, “இருக்கட்டும்,” என்றார்.

புறப்படும்போது நாகராஜ் வண்டி வரை வந்தார். புதன்கிழமை மாலை நாங்கள் விளையாடிக்கொண்டிருந்தபோது மஞ்சுளா, “இருங்கண்ணா, குக்கர் விசில் வருது, மீதி நாளைக்கு,” என்று சொல்லிப் போனதை அவரிடம் சொன்னேன். என்னிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான். அன்று என்ன சமைத்தாள் என்று கேட்கத் தோன்றியது, கேட்டுவிட்டேன். இந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா என்று அவர் நினைக்கவில்லை.

“அவரைக்கொட்டைக் குழம்புங்க. இப்ப சீசன் இல்ல? உப்பு கம்மின்னு சொன்னேன். நீயே போட்டுக்கோன்னா.”

என் கைக்கு நான் டாக்டர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன், மஞ்சுளாவுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் அவளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது எது என்று கேட்டால், அந்தப் புதன்கிழமை மாலையைத்தான் சொல்வேன். வியாழக்கிழமை நடந்ததை என் மனம் இன்னும் ஏற்கவில்லை. புதன்கிழமையில் அவள் சாகவில்லை. அடுப்பை அணைக்க எழுந்து போயிருக்கிறாள்.