டியூப் மாட்டாத நாற்காலி

எங்கள் வீட்டில் எதையும் தரையோடு இழுக்கக் கூடாது. கட்டிலை நகர்த்த வேண்டுமானால் ஆள் சேர்ந்து தூக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் கட்டில் கிடந்த இடத்திலேயே கிடக்கும். கட்டில் கால், ஸ்டூல் கால், டிவி மேசையின் கால் எல்லாவற்றிலும் பழைய சைக்கிள் டியூபை வெட்டி மாட்டி வைத்திருந்தாள் சித்தி. பள்ளித் தோழிகள் வந்தால் எனக்கு மானம் போகும். யார் வீட்டிலாவது ஸ்டூல் செருப்புப் போட்டுக்கொண்டு நிற்குமா?

சித்தி அம்மாவின் தங்கை. ஆமத்தூரில் எங்களோடுதான் இருந்தாள். பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் வெடிமருந்து அறையில் வேலை. அங்கே இரும்புச் சாமான் ஆகாது, செருப்பு ஆகாது, எதையும் இழுப்பது ஆகவே ஆகாது. சாயங்காலம் கம்பெனி வேன் அவளைத் தெருமுனையில் இறக்கிவிடும்போது, அலுமினியப் பவுடர் படிந்த வெள்ளிக் கைகளோடு அந்தச் சட்டதிட்டங்களும் கூடவே இறங்கி வீட்டுக்குள் வந்துவிடும்.

"ஏ புள்ள, இழுக்காத, தூக்கு." என் சிறுவயதில் நான் அதிகம் கேட்ட வசனம் இதுதான்.

டியூப் மாட்டுகிற பழக்கம் மட்டும் பிறகு வந்தது. நான் ஏழாவது படித்த வருஷம் தீபாவளி சீசனில் அவள் இருந்த அறை வெடித்தது. ஆர்டர் அவசரத்தில் யாரோ மருந்துத் தட்டைத் தூக்காமல் இழுத்துவிட்டார்கள் என்று சொன்னார்கள். சித்தி முடி பொசுங்கியதோடு வெளியே வந்துவிட்டாள். அவளோடு ஒரே வேனில் போய், ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டு வந்த பக்கத்துத் தெரு அக்கா வரவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களெல்லாம் அந்த வீட்டில் அழுதுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து, நீயாவது தப்பிச்சியே, உனக்கு ஆயுசு கெட்டி என்று சித்தியிடம் சொன்னார்கள். சித்தி பழைய சைக்கிள் டியூபை எடுத்துவந்து வெட்ட உட்கார்ந்தாள். கம்பெனி கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்தது. திறந்ததும் மறுபடி வேனில் ஏறினாள். வேறு எங்கே போவாள்?

பேப்பரில் உராய்வு காரணமாக விபத்து என்று போட்டிருந்தது. அந்த வார்த்தையை நான் முதலில் பார்த்தது அங்கேதான். எட்டாம் வகுப்பில் அதுவே பாடமாக வந்தபோது, தெரிந்தவரைப் பேருந்தில் பார்த்ததுபோல் எனக்கு ஒரே சந்தோஷம். அறிவியல் டீச்சர் ஒரு செங்கலில் கயிற்றைக் கட்டி மேசைமேல் இழுத்துக் காட்டினார். அசையாமல் கிடக்கும்போது இருப்பது நிலை உராய்வு, சறுக்கும்போது நழுவு உராய்வு, அடியில் பென்சில்களை வைத்து உருட்டினால் உருளும் உராய்வு. கிடப்பதைக் கிளப்பத்தான் அதிக பலம் வேண்டும். கிளம்பிவிட்டால் கொஞ்சம் குறையும், உருண்டால் இன்னும் குறையும். கேரம் போர்டில் பவுடர் தூவினால் காய் வழுக்கிக்கொண்டு ஓடுவதும் இதனால்தான். உராய்வே இல்லையென்றால் நடக்க முடியாது, ஒரு பொருளைக் கையில் பிடிக்கவும் முடியாது.

அன்று ராத்திரி சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சித்திக்கு அத்தனையையும் ஒப்பித்தேன். கேட்டுக்கொண்டே சாப்பிட்டவள் கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பிடிக்கிறதுக்கும் அதுதான் வேணுமா?"

"பின்னே? பவுடர் தடவுன கையால எண்ணெய்ப் பாட்டிலைப் பிடிச்சுப் பாருங்க, தெரியும்" என்றேன். என்ன மேதாவித்தனம்! சித்தி எழுந்து போய்க் கை கழுவினாள். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. பாடம் புரியவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மாதமே சித்தியைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளைக்கு விருதுநகரில் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை. அவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: கல்யாணத்துக்குப் பிறகு பெண் பட்டாசு வேலைக்குப் போகக் கூடாது. அதைக் கேட்டதும் அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்று அழுதாள். சித்தி அன்று முதல் தினமும் கைகளைச் சீயக்காய் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். நகக்கண்ணில் இருந்த வெள்ளிப் பவுடர் மட்டும் போவேனா என்று உட்கார்ந்திருந்தது. இந்த இடம் அமைந்துவிட்டால் வேன் ஏற வேண்டாம். எங்கள் எல்லோருக்கும் அந்த ஒரு நினைப்புதான்.

எங்கள் வீட்டு ஸ்டூல்கள் காணாது என்று அம்மா பந்தல்காரரிடம் இரும்பு நாற்காலிகள் வாடகைக்கு எடுத்து வந்தாள். சாத்தூர்ச் சேவும் காப்பியும் தயார். சித்திக்குச் சேலை கட்டிவிட்டு, தலை நிறையப் பூ வைத்து, எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்த அம்மாவுக்கு வாடகை நாற்காலிக் காலில் டியூப் இல்லை என்பது தோன்றவில்லை. எங்களில் யாருக்கும்தான் தோன்றவில்லை.

"வாங்க, வாங்க. எல்லாரும் சாப்பிட்டீகளா?" என்று அம்மா வரவேற்றாள். மாப்பிள்ளையின் தாய்மாமா நல்ல கனத்த மனிதர். சுவரோரம் உட்கார்ந்து வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். சித்தி காப்பித் தட்டோடு வந்தாள். பக்கத்தில் சேவுத் தட்டோடு நான். மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். சித்தியும் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரப்பார்த்தது. அந்த நேரம் பார்த்து, காற்றாடிக்கு அடியில் வருவதற்காகத் தாய்மாமா எழுந்து தன் நாற்காலியைச் சிமெண்டுத் தரையில் சர்ரென்று இழுத்தார்.

காப்பித் தட்டு கீழே விழுந்ததை நான் பார்க்கவில்லை. என் மணிக்கட்டை ஒரு பிடி பிடித்தாள் சித்தி, அவ்வளவுதான் தெரியும். "ஓடு புள்ள, ஓடு!" என்று கத்திக்கொண்டே வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிரே இருந்த கருவேலங்காட்டுப் பொட்டல்வரை என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். எதையும் இழுக்கக் கூடாது என்று சொன்னவள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். பொட்டலில் என்னைக் குப்புறத் தள்ளி மேலே கவிழ்ந்துகொண்டாள். என் வாயெல்லாம் மண். அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது என் முதுகில் கேட்டது. வீடு அங்கன அப்படியேதான் நின்றது. தெருவே வேடிக்கை பார்த்தது.

திரும்பி வந்தபோது மாப்பிள்ளை கீழே குனிந்து டம்ளர்களைப் பொறுக்கித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தாய்மாமா முந்திக்கொண்டார்.

"என்னம்மா, பிள்ளைக்கு வலிப்பு கிலிப்பு எதுவும் உண்டா? மறைக்காமச் சொல்லிருங்க."

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. சத்தம் கேட்டா கொஞ்சம் பயந்துருவா, அம்புட்டுத்தான்" என்றாள் அம்மா. நடந்ததைச் சொன்னால், விபத்தில் மாட்டிய பெண் என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்து அதற்குமேல் அவள் சொல்லவில்லை. அவர்கள் மரியாதையாகவே எழுந்தார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். தாய்மாமா போகும்போது நாற்காலியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போனார். யாரும் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. திங்கட்கிழமை காலை தெருமுனையில் வேன் வந்து ஹாரன் அடித்தது. சித்தி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆனால் அதற்கு முன்னால், அவர்கள் கிளம்பிப் போன அன்று சாயங்காலம், அடுப்படியில் என்னை உட்காரவைத்துத் தேங்காயெண்ணெய் தடவினாள். அவள் பிடித்த பிடியில் என் மணிக்கட்டைச் சுற்றித் தோல் வழன்று சிவந்திருந்தது. எனக்குக் கோபமான கோபம். ஊரே சிரிக்கிறதே என்ற கோபம், எரிகிறதே என்ற கோபம்.

"இப்படியா பிடிப்பாக? மெதுவாப் பிடிச்சா என்ன?"

"மெதுவாப் பிடிச்சா வழுக்கிரும் புள்ள."

"எப்படி வழுக்கும்? என் கையில என்ன பவுடரா அப்பியிருக்கு?"

தடவிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் பாடத்தைச் சரியாகச் சொன்ன பெருமையில் இருந்தேன்.

பல வருஷம் கழித்து அம்மாதான் சொன்னாள். அறை வெடித்த அன்று சித்தி தனியாக ஓடி வரவில்லை. பக்கத்துத் தெரு அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் ஓடினாள். இரண்டு பேர் கையிலும் அலுமினியப் பவுடர். வாசற்படியில் அந்தக் கை இவள் கைக்குள்ளிருந்து வழுக்கிவிட்டது.

அன்றைக்கு அதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? சித்தி அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் தோழிகள் விளையாடக் கூப்பிட்டார்கள். விடுங்க சித்தி என்று கையை உருவினேன். எண்ணெய் தடவிய கை, கொஞ்சமும் சிரமமில்லாமல் வந்துவிட்டது. நான் ஓடிவிட்டேன்.