பட்டணத்துச் செடிகளின் படப்புத்தகம்

அந்தப் படப்புத்தகத்தில் பச்சை நிறம் இலைகளுக்குள் நிற்காது. கோட்டைத் தாண்டி ஒரு நூலளவு நகர்ந்து விழுந்திருக்கும். சிவகாசி அச்சகமொன்றில் வேலை பார்த்த என் அண்ணன், கழித்துப்போட்ட பிரதிகளில் ஒன்றை எனக்குக் கொண்டுவந்து தந்திருந்தான். பட்டணத்தில் வளரும் செடிகளைக் குழந்தைகளுக்குக் காட்டும் புத்தகம். மாடிச் சுவரின் வெடிப்பில் முளைத்த அரசங்கன்று, தகர டப்பாவில் துளசி, சாக்கடையோரத்துக் குப்பைமேனி, ஜன்னல் கம்பியில் ஏறிய அவரைக்கொடி. இன்று என் பேத்தியின் புத்தகங்களில் வண்ணம் பிசகுவதே இல்லை. அவற்றைப் புரட்டும்போதும் எனக்கு ஒரு தாயின் குரல்தான் கேட்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் நான் சாத்தூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தேன். தீபாவளி சீசன் நெருங்கிய சமயம், தாயில்பட்டிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து தீப்பிடித்து, எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை வாழையிலையில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். முகமும் கைகளும் வெந்திருந்தன. கண்களுக்குக் கட்டுப் போட்டோம். அவளுடைய அம்மாவும் அங்கேதான் வேலை பார்த்தாள். தண்ணீர் குடிக்க வெளியே வந்ததால் தப்பியவள். "வீட்டுல தனியா கெடக்க வேணாம்னு நாந்தானே நர்சம்மா கூட்டிட்டுப் போனேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சிறுமியோ வாயே திறக்கவில்லை. புண்ணைக் கழுவிக் கட்டும்போதுகூடக் கத்தவில்லை. அந்த மௌனம்தான் டாக்டரை அதிகம் பயமுறுத்தியது.

வேறு வழி தெரியாமல் புத்தகத்தை அந்த அம்மாவிடம் கொடுத்து, படங்களைப் பற்றி மகளிடம் பேசச் சொன்னேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. "இங்கன பாருத்தா" என்று தொடங்கியவள் சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு, "அம்புட்டு ஒசரச் செவரு. துளி மண்ணு இல்ல. அதுல ஒரு அரசங்கன்னு நிக்குது" என்றாள். அதையே நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு மத்தியானம் கட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது: "அதுக்கு யாரும்மா தண்ணி ஊத்துறா?"

"பேசிட்டா நர்சம்மா, எம்புள்ள பேசிட்டா!" என்று வராந்தாவெல்லாம் ஓடினாள் அந்த அம்மா. அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. புண்ணில் சீழ் வைத்துக் காய்ச்சல் ஏறியது. சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பும்படி டாக்டர் என்னிடம் சொன்னதை அந்த அம்மாவும் கேட்டுவிட்டாள்.

அதன்பிறகு புத்தகத்தில் இல்லாததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். "அவரக்கொடி ஏறியிருக்கே, அதுதான் நம்ம ஜன்னலு. நீ எந்திரிச்சதும் பட்டணத்துக்குப் போயிருவோம். அங்க வெடிமருந்து வாடையே கெடையாது." எனக்கு அவளை நிறுத்தவும் மனம் வரவில்லை, கேட்டுக்கொண்டு நிற்கவும் முடியவில்லை. ஆனால் பிள்ளை நம்பினாள். கஞ்சி வேண்டாமென்று தலையைத் திருப்பியவள், பட்டணத்துக்குப் போகவேண்டுமென்று வாயைத் திறந்து குடித்தாள்.

பிழைத்துக்கொண்டாள். கண்கட்டை அவிழ்த்தபோது பார்வை மட்டும் திரும்பவில்லை.

அவர்களை வழியனுப்ப நான் பஸ் நிற்குமிடம் வரை போனேன். "பட்டணத்துல எனக்கு யாரு இருக்கா நர்சம்மா? திரும்ப அந்தக் கம்பெனிதான் கஞ்சி ஊத்தணும்" என்று அந்த அம்மா என் காதருகே சொன்னாள். பஸ் வந்து நின்றது. சிறுமி படியில் ஒரு காலை வைத்துவிட்டு, "பட்டணத்துப் பஸ்ஸாம்மா?" என்று கேட்டாள்.

தாய் அவள் முதுகில் கைவைத்து மேலே ஏற்றப் போனாள். அதற்குள் கண்டக்டர், "தாயில்பட்டி, தாயில்பட்டி!" என்று கூவினார்.

சிறுமி படியிலேயே நின்றாள். பின்னாலிருந்தவர்கள் நெருக்கினார்கள். அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நகராமல் நின்றாள். சிறுமி, இன்னும் தோல் இழுத்துக்கொண்டிருந்த கையைப் பின்னால் நீட்டித் துழாவி, அம்மாவின் சேலையைப் பிடித்தாள்.

"ஏறும்மா" என்றாள். "பஸ்ஸு போயிரும்."